பின்கட்டில் தொடங்குங்கள்: செட்டிநாட்டு அன்றாட வாழ்வின் வரலாற்றைத் தேடப் புறப்படுவோருக்கு

கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிறவர்கள் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல், நிலைவாசலில் கஜலட்சுமி. வளவு என்னும் உள்முற்றம் வரைக்கும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் சோறு பொங்கியவர்களும் பிள்ளை பெற்றவர்களும் பாத்திரம் துலக்கியவர்களும் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களும் நடமாடிய இடம் இன்னும் உள்ளே, இரண்டாங்கட்டுக்கும் அப்பால், பின்கட்டில் இருக்கிறது. அங்கே அடுப்புப் புகை படிந்த சுவர் இன்றும் கறுப்பாகவே நிற்கிறது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல ஆண்டுகளாக வீடுகளின் அன்றாட வாழ்வைத் தேடிப் பதிவு செய்து வருகிறேன். பாட்டி வீட்டுப் பெட்டியைத் திறந்தவர்களும், வரலாறு படிக்கும் மாணவர்களும், சொந்த ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்களும் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்: பின்கட்டில் தொடங்குங்கள்.

ஒரு வீடு, ஒரு கேள்வி, சில ஆண்டுகள்

'செட்டிநாட்டு வாழ்க்கை முறை' என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவர்கள் யாரும் இரண்டாவது நோட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அது கடல். கையில் அடங்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இங்குள்ள சுவர்களின் பளபளப்புக்குச் சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டிகள் அதைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கேயே நின்று கேளுங்கள். அத்தனை முட்டை எந்தச் சந்தையிலிருந்து வந்தது? உட்கார்ந்து உடைத்தவர் யார், ஆணா பெண்ணா, அவருக்கு என்ன கூலி? மிஞ்சிய மஞ்சள் கரு யார் வீட்டுக்குப் போயிற்று? புலால் உண்ணாத குடும்பம் கட்டிய வீடு என்றால் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகிறது. ஒரே ஒரு சுவரிலிருந்து சந்தை, கூலி, சாதி, உணவு என நான்கு வழிகள் பிரிகின்றன. அன்றாட வாழ்வின் வரலாறு என்பதே இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனது.

இடத்தையும் காலத்தையும் சுருக்குங்கள். "1930 முதல் 1942 வரை எங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள், என்ன சமைத்தார்கள்?" இது ஒரு நல்ல தொடக்கக் கேள்வி. ஏன் அந்த ஆண்டுகள் என்றால், 1930இல் நெல் விலை விழுந்து, இங்கிருந்து போன செட்டியார்கள் பர்மாவில் கொடுத்த கடன்கள் முடங்கின. பணமாகத் திரும்பாதவை நிலமாக வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938இல் அது இருபத்தைந்து பங்கு. நிலத்தை ஊருக்குக் கொண்டுவர முடியாது. கடைசியில் 1942இல் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இவை வெளியே நடந்தவை, ஏற்கெனவே எழுதப்பட்டவை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடுப்படியில் என்ன குறைந்தது என்பதை யாரும் எழுதவில்லை. சமையற்காரரை நிறுத்தினார்களா? கல்யாணப் பலகாரங்களின் எண்ணிக்கை சுருங்கியதா? உங்களுக்கான இடம் அதுதான்.

கொல்லையிலிருந்து முகப்பு வரை

பேச்சுக்கும் காகிதத்துக்கும் முன்னால் வீட்டைப் படியுங்கள். ஒரு பெரிய நோட்டு, பென்சில், அளவு நாடா போதும். கொல்லைக் கதவில் தொடங்கி முன்னோக்கி வரைந்துகொண்டே வாருங்கள். கிணறு எங்கே, அம்மி, ஆட்டுரல், உரல், திரிகை எங்கே, விறகு எங்கே அடுக்கினார்கள், எந்தச் சுவரில் புகை படிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள்.

அடுப்புகளை எண்ணுவதை மறக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்ததும், நூறு பேர் ஒரே பந்தியில் சாப்பிட்ட கூட்டுக் குடும்பம் என்று எழுதிவிடுகிறார்கள். விசேஷ நாட்களில் அப்படித்தான். மற்ற நாட்களில் நிலைமை வேறு. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வழக்கம். கூரை ஒன்றுதான், ஆனால் அவனுக்கும் மனைவிக்கும் வளவில் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த அரிசியும் செலவும். அந்தத் தம்பதி ஊர்க் கணக்கிலும் கோயில் கணக்கிலும் ஒரு 'புள்ளி'. ஆகவே வளவைச் சுற்றியுள்ள அறைகளையும் பின்கட்டில் உள்ள அடுப்படிகளையும் எண்ணினால் ஒரு காலத்தில் அங்கே எத்தனை புள்ளிகள் இருந்தன என்பது ஓரளவு பிடிபடும். இருபது வயது மருமகள் மாமியாருக்கு எதிர் மூலையில் தன் அடுப்பைத் தானே மூட்டிக் கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்தினாள். கணவன் மலாயாவில் இருந்திருப்பான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வளவில் நின்று பாருங்கள், தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

ஒவ்வொரு கதவு வழியாகவும் யார் வந்தார்கள், யார் வரக்கூடாது என்பதைக் கேட்டு வரைபடத்தில் எழுதுங்கள். மாதவிலக்கு நாட்களில் எங்கே இருந்தார்கள், பிரசவம் எந்த அறையில் நடந்தது, இறந்தவரை எங்கே கிடத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரு நாளில் எல்லாம் வராது. வரைபடத்தில் இடம் விட்டு வைத்தால் போதும்.

பாத்திரத்தில் உள்ள எழுத்து

அடுத்து பரணையும் சாமான் அறையையும் பாருங்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, எவர்சில்வர் தூக்கு, மங்குச் சாமான், மரவை என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் விலாசம் வெட்டியிருக்கும். விலாசம் என்பது இங்கே தபால் முகவரி மட்டும் இல்லை. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்த குடும்ப அடையாளம், தொழிலில் கடையின் பெயரும் அதுதான். சில பாத்திரங்களில் ஊரும் ஆண்டும்கூட இருக்கும். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தேய்ந்திருந்தால் கொஞ்சம் அரிசி மாவைத் தடவிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், தெளிவாகத் தெரியும். புளி போட்டுத் துலக்கிவிட்டுப் படம் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடிக்கரியும் தேய்மானமும் அந்தப் பாத்திரம் எப்படிப் புழங்கியது என்பதற்குச் சாட்சி.

விலாசத்தைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், ஒரே வீட்டில் சிதம்பரமும் இராமநாதனும் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வருவார்கள். பங்காளி வீட்டிலும் அதே பெயர் இருக்கும். எழுத்தைப் பார்த்தவுடன் 'இது நம் கொள்ளுப்பாட்டனார்' என்று முடிவு கட்டாமல், பிறந்த ஆண்டுகளோடு ஒரு வம்சக் கொடி வரைந்துகொண்டு பிறகு பொருத்துங்கள்.

பொருளின் வயதை அறியச் சில பிடிமானங்கள் உண்டு. அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று அச்சிட்டிருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. கல்யாணப் பத்திரிகையிலோ பையிலோ பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'ராமநாதபுரம் ஜில்லா' என்பது 1910க்குப் பிந்தியது. 'பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்' என்றால் 1985க்கும் 1997க்கும் இடையில், இன்றைய சிவகங்கை மாவட்டம் அந்தப் பெயரில் இருந்த காலம். 'லை', 'னை' போன்ற எழுத்துகள் மேலே வளைந்த பழைய வடிவில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது, ஆனால் சில அச்சகங்கள் பழைய அச்சையே தொடர்ந்து வைத்திருந்தன. ஒரு பிடிமானத்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும்.

சுவரில் மாட்டிய ரவிவர்மா அச்சுப் படங்களையும் அருகில் போய்ப் பாருங்கள். சரஸ்வதியின் புடவையில் துணி ஒட்டி, ஜரிகை தைத்து, மணி கோத்திருப்பார்கள். படம் அச்சகத்தில் செய்தது. தையல் இந்த வீட்டுப் பெண்கள் யாரோ மதியத்தில் உட்கார்ந்து செய்தது. கையொப்பம் இல்லாத அந்த வேலைக்குப் பெயர் தேட முடியுமா என்று பாருங்கள்.

பெட்டியில் உள்ள காகிதம்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எழுதி வைப்பதில் நகரத்தாருக்கு நிகர் இல்லை. வேறு ஊர்களில் பேச்சில் மட்டுமே இருந்து மறைந்துபோன விஷயங்கள் இங்கே ஏட்டில் இருக்கின்றன.

கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் இரு வீட்டாருக்கும் இடையிலான ஒப்பந்தம். தமிழ் ஆண்டும் தேதியும் ஊரும் கோயிலும் இரு குடும்பங்களின் விவரமும் அதில் கிடைக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை விடவும் பயன்படுவது முறைச்சிட்டையும் சாமான் பட்டியலும் மொய் ஏடும். இன்ன சடங்குக்கு இன்னாருக்கு இத்தனை தேங்காய், இத்தனை படி அரிசி, எத்தனை வெற்றிலை என்று வரிவரியாக இருக்கும். தாய்க்கு எழுதிய பட்டியலையும் மகளுக்கு எழுதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பாத்திரம் காணாமல் போயிற்று, எது புதிதாக வந்தது, பித்தளை எப்போது எவர்சில்வரானது என்று வீட்டின் முப்பது ஆண்டு மாற்றம் இரண்டு தாளில் அடங்கிவிடும்.

பிறகு கணக்கேடுகள். அன்றன்றைய வரவு செலவு எழுதும் குறிப்பேடு அல்லது சிட்டை, ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு, மொத்தத்தைச் சொல்லும் ஐந்தொகை. தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் பேரேட்டைத் தேடுவார்கள். உங்களுக்கு வேண்டியது வீட்டுச் செலவுச் சிட்டை. உப்பு, விளக்கெண்ணெய், வண்டிக்கூலி, வண்ணாருக்கு, நாவிதருக்கு, பிள்ளைக்குச் சிலேட்டு. கம்பியில் குத்தி வைத்த துண்டுச் சீட்டுகளையும் ஒதுக்காதீர்கள்.

படிக்கத் தொடங்கும்போது தமிழ் எண்கள் முதல் நாள் மிரட்டும். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்று எழுத்துகளைப் போலவே இருக்கும் ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ ஆகியவைதான் ஒன்று முதல் ஒன்பது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பழைய முறையில் சுழி கிடையாது. ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. இடம் மாறினால் தொகை மாறிவிடும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றை ஓர் அட்டையில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தால் கண் பழகிவிடும்.

பணம் ரூபாய், அணா, பை என்று வரும். பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல்தான் நூறு காசு ஒரு ரூபாய் ஆனது. ஆகவே 2-8-0 என்பது இரண்டரை ரூபாய். இரண்டு ரூபாய் எட்டுக் காசு என்று எழுதிவிட்டால் ஒரு கூலிக்காரரின் வாரமே தவறிப்போகும். மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் கொள்ளளவு மாறியவை. அந்த வீட்டுப் படி இன்னும் இருந்தால் அதில் அரிசி அளந்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதியில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஏட்டில் 'பிரமோதூத ௵ தை ௴ 5 ௳' என்று இருக்கிறது. பட்டியலைப் பார்த்து பிரமோதூத 1930 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு 1930 ஏப்ரலில் தொடங்கி 1931 ஏப்ரலில் முடிந்தது. தை மாதம் என்றால் 1931 ஜனவரி. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பது அடுத்த கண்ணி. தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876ஆக இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அதே ஏட்டில் ஒட்டியுள்ள ரெவின்யூ வில்லையில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை.

கடிதங்களில் உறையும் முக்கியம். அஞ்சல் முத்திரை தேதியையும் ஊரையும் சொல்லும். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது அதன் அஞ்சல் வில்லைகளில் பர்மா என்று மேலச்சு வந்தது. ரங்கூன் மொகல் தெருவிலிருந்தோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலிருந்தோ வந்த கடிதம் என்றால், எழுதியவர் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து தங்கியிருந்தார் என்று ஊகிக்கலாம். கடிதத்தில் பெரும்பகுதி வட்டியும், பணம் அனுப்பும் உண்டியல் சீட்டுமாக இருக்கும். கடைசி நாலு வரியைக் கவனியுங்கள். 'பிள்ளைக்கு மாந்தம் தெளிந்ததா', 'கொல்லைக் கிணற்றில் தண்ணீர் உண்டா' என்பதெல்லாம் அங்கேதான் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். ஊரிலிருந்து போன பதில்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெண்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருப்பார். வந்த கடிதத்தில் உள்ள பதில்களை வைத்து, போன கடிதத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்று தேடிப் பாருங்கள். உழைப்பு அதிகம். ஆனால் அந்த ஆச்சியின் குரலுக்கு அருகில் போக அதை விட்டால் வழியில்லை.

பேசுவது எப்படி

நான் முதன்முதலாகப் பதிவு செய்யப் போனபோது, எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சியிடம், "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது ஆச்சி?" என்று கேட்டேன். "நன்றாக இருந்தது அப்பா" என்றார். அவ்வளவுதான். கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கேட்டும் அதே பதில். எழுந்திருக்கும்போது ஓரத்தில் கிடந்த பனையோலைக் கொட்டானை எடுத்து, "இது யார் பின்னியது?" என்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான். ஓலையைச் சாயம் போட்டுக் காய வைத்து, மத்தியானத்தில் பின்னுவோம். ரங்கூனில் இருந்து கடிதம் வராத மாதத்தில் நிறையப் பின்னியிருக்கிறேன்." பொழுது சாயும் வரை பேசினார்.

அன்றிலிருந்து கையில் ஒரு பொருள் இல்லாமல் நான் யாரையும் பார்க்கப் போவதில்லை. அவர்கள் வீட்டுப் பொருளாகவே இருந்தால் இன்னும் நல்லது. 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். "காலையில் முதலில் எழுந்தது யார்? எழுந்ததும் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஒரு நாளை விடியல் முதல் படுக்கை வரை நடத்திக்கொண்டு போங்கள். பிறகு ஆண்டைச் சுற்றி வாருங்கள்: வற்றல் போட்ட கோடை, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த இரவு, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல். கும்மாயமும் கந்தரப்பமும் எப்படிச் செய்வது என்று கேட்டால் செய்முறை கிடைக்கும். மாவு இடித்தது யார் என்று கேட்டால் வரலாறு கிடைக்கும்.

ஆண்டு கேட்டால் வயதானவர்கள் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். "ரங்கூனில் குண்டு போட்டபோது மூத்த மகன் பிறந்துவிட்டானா?" என்றால் 1941 டிசம்பருக்கு முன்னா பின்னா என்று உடனே தெரிந்துவிடும். "ரஜூலா கப்பலிலா போனார்கள்?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். 1926 முதல் 1973 வரை ஓடிய அந்தக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டது.

உறவுச் சொற்களை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். அப்பச்சி என்றால் தகப்பனார், ஆத்தா என்றால் தாய், அப்பத்தா தந்தையின் தாய், ஆயா தாயின் தாய். 'ஆயா வீட்டில் வளர்ந்தேன்' என்பதை வேலைக்காரப் பெண் வீட்டில் வளர்ந்ததாக எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து வருந்தியிருக்கிறேன். 'பிள்ளை கூட்டிக்கொண்டார்கள்' என்றால் சுவீகாரம் எடுத்தார்கள் என்று பொருள். 'கொண்டுவிக்கப் போனார்' என்றால் கடல் கடந்து தொழிலுக்குப் போனார். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள், விளக்கத்தைப் பக்கத்தில் போடுங்கள்.

முதல் நாள் நகையின் எடையையோ பாகப்பிரிவினையையோ கேட்காதீர்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர்கள் இருக்கும் ஊர் இது. நீங்கள் வரைபடமும் நோட்டுமாக நுழைந்தாலே யாருடைய ஆள் என்ற சந்தேகம் வரும். எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை உட்கார்ந்தவுடன் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, ஊர், எந்த அறை, உடன் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உடன் மருமகள் இருந்தால் ஒரு கதை வரும், இல்லாவிட்டால் வேறு கதை வரும். இரண்டும் வேண்டும்.

ஏட்டில் பெயர் இல்லாதவர்கள்

செட்டிநாட்டு வீட்டின் அன்றாட வாழ்க்கை செட்டியார்களுடைய வாழ்க்கை மட்டும் இல்லை. ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தவர், விறகு பிளந்தவர், விசேஷத்துக்கு விசேஷம் வந்த சமையற்காரர்கள், மரம் செதுக்கிய ஆசாரிகள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, கண்டாங்கி நெய்தவர்கள், பின்வாசலோடு நின்று சோறு வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். சிட்டையில் அவர்கள் 'தண்ணி எடுத்த கூலி 0-2-0' என்று ஒரு வரியாக இருப்பார்கள், பெயர் இருக்காது.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள். பெரிய வீட்டுக்காரர்களிடம், "உங்களிடம் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பிறகு அவர்கள் வீட்டுக்கே போய், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். முதலாளி வீட்டு வளவில் வைத்துக் கேட்டால் "நன்றாக வைத்திருந்தார்கள்" என்றுதான் சொல்வார்கள். ஆத்தங்குடியில் இன்றும் கல் போடுகிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் அந்த வேலையை அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். பாட்டனார் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கல், சிமெண்டு பட்டுக் கை என்ன ஆயிற்று, கல்யாணம் எந்த மாதத்தில் வைப்பார்கள் என்று கேட்கலாம்.

எந்த ஊருணியில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதிய அன்றாட வாழ்வின் வரலாறு பாதி வரலாறு. இரு தரப்பிலும் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததை அப்படியே எழுதுங்கள்.

ஊருக்கு வெளியே தேட வேண்டிய இடங்கள்

உங்கள் ஊர் 1948க்கு முன் யார் ஆட்சியில் இருந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சென்னை மாகாணத்தின் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. இராயவரம், அரிமளம், பொன்னமராவதி போன்ற ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. பத்து மைல் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களின் ஆவணங்கள் இரண்டு வேறு அரசுகளின் காகிதங்களில் கிடக்கின்றன. இது தெரியாமல் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வாரக்கணக்கில் தேடிவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

வீட்டின் கைமாற்றங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் கேட்கலாம். 1929-30ஆம் ஆண்டுகளில் பர்மாவிலும் சென்னையிலும் நடந்த வங்கி விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள், கடையில் வேலை பார்த்தவர்களின் சம்பளம், வேலைத் தவணை, தங்குமிடம் ஆகியவற்றை அறிய உதவும்.

அச்சுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தன் வீட்டிலேயே ஒரு லட்சம் அளவுக்குப் புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்தார். மற்றவர்கள் குப்பையில் போட்ட அழைப்பிதழ்களையும் நோட்டீசுகளையும்கூடப் பத்திரப்படுத்தினார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவரின் தனி ஆசையில் பிழைத்த காகிதங்கள் அவை. அங்கே போகும்போது காரைக்குடியிலிருந்து வெளிவந்த 'ஊழியன்', 'குமரன்' இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். தலையங்கங்களை மற்றவர்கள் படித்துவிட்டார்கள். நீங்கள் விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் படியுங்கள். சொ. முருகப்பா கைம்பெண் மறுமணத்துக்காகவே 'மாதர் மறுமணம்' என்று ஓர் இதழ் நடத்தினார். எந்தக் குடும்ப ஏட்டிலும் எழுதாத துயரங்கள் அப்படிப்பட்ட பக்கங்களில்தான் வெளியே வந்தன.

சேர்த்துப் பார்ப்பது

ஒரு நீளத் தாளில் ஆண்டுகளைக் கோடாக வரைந்து, மேலே காகிதம் சொல்வதையும் கீழே ஆட்கள் சொல்வதையும் எழுதுங்கள். ஒரு வீட்டில் நான் இதைச் செய்தபோது பிள்ளைகளின் பிறந்த தேதிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டு இடைவெளியில் வரிசையாக நின்றன. மேல்வரியில் தகப்பனாரின் சம்பளச் சீட்டுகள் இருந்தன. மூன்று ஆண்டுத் தவணை முடிந்து ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் அவர் கப்பலேறிய பிறகு பிறந்திருக்கிறது. அந்தத் தாய் ஒரு பிரசவத்தின்போதும் கணவனைப் பக்கத்தில் பார்த்ததில்லை. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, எங்கும் எழுதியிருக்கவும் இல்லை. இரண்டு வரிசைகளை மேலும் கீழும் வைத்தபோது தானாகத் தெரிந்தது. அன்று நோட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எதை வெளியே சொல்லலாம்

ஜாதகம், கடன் பத்திரம், நோய், சுவீகாரம், பிரிந்துபோன கல்யாணம் எல்லாம் பெட்டியில் இருக்கும். உயிரோடு இருப்பவர்களைத் தொடும் எதையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள், பெயரை மாற்றினாலும் ஊருக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதி முடித்ததைத் தந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூலத்தை அவர்களிடமே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

காகிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம், ஒட்டும் நாடாவும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல எடுத்துவிடுங்கள். ராமபாணப் பூச்சியும் கறையானும் வராத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஓலைச்சுவடி வளைந்திருந்தால் நீங்களே நிமிர்த்தாதீர்கள், சுவடி நூலகத்தில் பழகியவர்கள் செய்யட்டும்.

வீடு இடிபடுகிறது என்றால்

இப்படி ஒரு செய்தி வரும். பங்குதாரர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள், உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. தூணையும் கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குக் கொண்டுபோக வண்டியோடு வருவார்கள், அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் நாள் காலையில் கொல்லையிலிருந்து முகப்பு வரை நிற்காமல் ஒரு முறை காணொளி எடுத்துவிடுங்கள். எந்த அறை, யாருடையது என்று தெரிந்த ஒருவர் கூடவே பேசிக்கொண்டு வரட்டும். பிறகு அடுப்படியை அளந்து வரையுங்கள். பாத்திரங்களின் விலாசங்களை, அவை இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள், கடைக்குப் போன பிறகு அந்த எழுத்து எந்த வீட்டுடையது என்று சொல்ல ஆள் இருக்காது. இரண்டாம் நாள் முழுதும் காகிதத்துக்கு. சிட்டை, கடிதம், பட்டியல், கம்பியில் குத்திய சீட்டுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் "குப்பைதானே, எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். துவைத்து உலர்த்திய பழைய பருத்தி வேட்டியில், கிடைத்த வரிசை கலையாமல் சுற்றி, எந்த அறையில் எந்தப் பெட்டியில் இருந்தது, என்று எடுத்தீர்கள், யார் கொடுத்தார்கள் என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கட்டுங்கள்.